ஒரே கைவண்டி, மூன்று விளக்கச் சீட்டுகள்: போருக்குப் பின் துரத்தப்பட்டவர்களின் கதையைப் பள்ளியும் அருங்காட்சியகமும் சொல்லும் விதம்

மத்திய ஐரோப்பாவில் ஒரு சண்டை ஓயவே மாட்டேன் என்கிறது. ஒரு பாலத்தில் பதித்த பலகையில் என்ன எழுதலாம், பாடப்புத்தகத்தில் எந்தச் சொல்லைப் போடலாம், பெர்லின் அருங்காட்சியகக் குழுவில் யார் உட்காரலாம் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. ஜெர்மனி, போலந்து, செக் நாடு மூன்றும் இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கின்றன. எல்லையில் வேலிகூடக் கிடையாது. அப்படியிருக்க, 80 ஆண்டுக்கு முந்தைய ஒரு சம்பவத்தைக் கற்பிப்பதில் என்ன சிக்கல்?

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கிழக்கு, மத்திய ஐரோப்பாவிலிருந்து 1 கோடியே 20 லட்சம் முதல் 1 கோடியே 40 லட்சம் வரையிலான ஜெர்மானியர்கள் வீடு, நிலம், கல்லறை எல்லாவற்றையும் விட்டுத் தப்பி ஓடினார்கள், அல்லது துரத்தப்பட்டார்கள். போரைத் தொடங்கிய நாட்டின் மக்கள் இவர்கள். இவர்களைப் பாதிக்கப்பட்டவர்களாகச் சொன்னால் குற்றத்தை மறைப்பது போல ஆகும். சொல்லாமல் விட்டால் நடந்ததை மறைப்பது போல ஆகும். மற்ற எல்லாம் இந்த முடிச்சிலிருந்துதான் கிளம்புகிறது.

நடந்தது ஒன்றல்ல, ஐந்து

பொதுவாக "வெளியேற்றம்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். பிரித்துப் பார்த்தால்தான் பின்னால் வரும் சண்டைகள் புரியும்.

1. 1939 முதல் 1945 வரை: ஜெர்மனி போலந்தைப் பிடித்தது. மேற்குப் போலந்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டு, அங்கிருந்த போலந்துக்காரர்களை வீட்டைவிட்டு விரட்டி, ஜெர்மானியர்களைக் குடியேற்றியது. போர் முடியும்போது போலந்துக் குடிமக்களில் ஏறக்குறைய 60 லட்சம் பேர் உயிரோடு இல்லை. அவர்களில் பாதிப் பேர் யூதர்கள்.

2. 1944 கடைசியிலிருந்து 1945 வசந்தம் வரை: சோவியத் செம்படை நெருங்க நெருங்கக் அன்றைய ஜெர்மனியின் கிழக்குப் பகுதிகளான கிழக்குப் பிரஷ்யாவிலும் சிலேசியாவிலும் இருந்த ஜெர்மானியர்கள் தப்பி ஓடினார்கள். உறைந்த கடற்கழியின் பனிமேல் வண்டிகள் வரிசையாகப் போன காட்சி இந்தக் கட்டத்தில் வருவது. இவர்களை விரட்டியது போர்முனை. அரசாணை எதுவும் இல்லை.

3. 1945 மே முதல் ஜூலை வரை: போர் முடிந்துவிட்டது, சட்டம் இன்னும் வரவில்லை. செக்கோஸ்லோவாக்கியாவிலும் போலந்திலும் ராணுவமும் ஆயுதம் ஏந்திய குழுக்களும் ஜெர்மானியர்களைத் துரத்தின. செக் பகுதிகளில் பல இடங்களில் ஜெர்மானியர்கள் கையில் வெள்ளைப் பட்டை கட்ட வேண்டியிருந்தது. வரலாற்றாசிரியர்கள் இதைக் "கட்டற்ற விரட்டல்" என்கிறார்கள்.

4. 1945 ஆகஸ்ட் 2: போட்ஸ்டாம் உடன்படிக்கையின் 13ஆம் பிரிவில் அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் யூனியன் மூன்றும் போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரியிலிருந்து ஜெர்மானியர்களை "ஒழுங்காகவும் மனிதாபிமானத்தோடும்" அனுப்ப ஒப்புக்கொண்டன. 1946இல் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து, ஜெர்மனியில் அமெரிக்க ராணுவ நிர்வாகத்தில் இருந்த பகுதிக்குப் போன ரயிலின் கணக்கு இது: 40 பெட்டி, பெட்டிக்கு 30 பேர், ஆக ஒரு ரயிலுக்கு 1,200 பேர். ஆளுக்கு 30 முதல் 50 கிலோ மூட்டை.

5. அதே சமயம் போலந்து என்ற நாடே மேற்கே நகர்ந்தது. அதன் கிழக்குப் பகுதியை சோவியத் யூனியன் வைத்துக்கொண்டது. அங்கிருந்த போலந்துக்காரர்கள் லட்சக்கணக்கில் கிளம்பி, ஜெர்மானியர்கள் காலிசெய்த வீடுகளில் குடியேறினார்கள். அப்புறம் 1947இல் போலந்து அரசு சுமார் 1,40,000 உக்ரேனியர்களையும் கார்பாத்திய மலைப்பகுதிச் சிறுபான்மையினரான லெம்கோ மக்களையும் தென்கிழக்கிலிருந்து பெயர்த்து, அதே மேற்குப் பகுதிகளில் சிதறவிட்டது.

இது 1945இல் திடீரென்று உதித்த யோசனையும் அல்ல. 1923இல் லோசானில் கிரீஸும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் போட்டபோது, மொத்தம் 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊர் மாறினார்கள். அதை "வெற்றிகரமான தீர்வு" என்று அன்றைய ராஜதந்திரிகள் பலர் நம்பினார்கள். 1944 டிசம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சர்ச்சில் பேசியபோது, இனங்கள் கலந்திருந்தால் தொல்லைதான், சுத்தமாகப் பெருக்கிவிடலாம் என்ற தொனியில்தான் சொன்னார். போட்ஸ்டாம் மேசைக்கு ஸ்டாலின் மட்டும் இதைக் கொண்டுவரவில்லை.

எந்தச் சொல்லை எடுக்கிறீர்கள்?

இந்த விஷயத்தில் நடுநிலையான சொல் என்று ஒன்று கிடையாது. ஆசிரியர் கரும்பலகையில் தலைப்பு எழுதும்போதே பாதிப் பாடம் முடிந்துவிடுகிறது.

மேற்கு ஜெர்மனியில் சொன்னது ஃபெர்ட்ரைபுங், அதாவது விரட்டியடித்தல். விரட்டியவன் ஒருவன் இருக்கிறான் என்பது சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. கிழக்கு ஜெர்மனியில் அதே மக்களுக்கு உம்ஸீட்லர், வேறிடத்தில் குடியேறியவர், என்று பெயர். விரட்டியது கம்யூனிசத் தோழமை நாடுகள் என்றாகிவிடும் அல்லவா, அதனால். 1950இல் போலந்து எல்லையை கிழக்கு ஜெர்மனி ஏற்றுக்கொண்ட பிறகு, இப்படி ஒரு பிரச்சினை இருந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அங்கே வந்திறங்கியவர்கள் மட்டும் 40 லட்சம் பேருக்கு மேல்.

செக் மொழியில் ஒட்சுன், அதாவது அகற்றி வைத்தல், நாற்காலியை நகர்த்துவது மாதிரி. விஹ்னானீ, விரட்டல், என்று ஒருவர் சொன்னால் அவர் எந்தப் பக்கம் என்பது உடனே தெரிந்துவிடும். போலந்தில் இன்னொரு விநோதம். கிழக்கே பிறந்து வளர்ந்த ஊரை விட்டு, கண்ணால் பார்த்திராத மேற்கு ஊருக்கு அனுப்பப்பட்ட போலந்துக்காரர்களுக்கு அரசு வைத்த பெயர் "தாயகம் திரும்பியோர்". தமிழ் வாசகருக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்தில் பிறந்து வளர்ந்து, ராமேஸ்வரத்தையே முதல்முறையாகப் பார்த்தவர்களுக்கும் நம் அரசுக் கோப்புகள் இதே பெயரைத்தான் வைத்தன.

எந்த ஆண்டில் தொடங்குகிறீர்கள்?

சொல்லைவிடப் பெரிய சிக்கல் தொடக்கம். இவ்வகை அருங்காட்சியகங்களில் கைவண்டி ஒன்று அநேகமாக இருக்கும். மரச்சட்டம், நான்கு சக்கரம், முன்னால் இழுக்க ஒரு தண்டு. இப்படி ஒரு வண்டிக்கு மூன்று விளக்கச் சீட்டுகள் எழுதிப் பார்க்கலாம்.

சீட்டு ஒன்று: "1945 ஜூலை. ஒரு தாயும் மூன்று குழந்தைகளும் சிலேசியாவிலிருந்து இந்த வண்டியை 300 கிலோமீட்டர் இழுத்து வந்தார்கள்."

சீட்டு இரண்டு: "1939இல் ஜெர்மனி தொடங்கிய போர் 1945இல் தொடங்கிய இடத்துக்கே திரும்பியது. சிலேசியாவிலிருந்து ஒரு தாயும் மூன்று குழந்தைகளும் இந்த வண்டியோடு வெளியேறினார்கள்."

சீட்டு மூன்று: "20ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கோடிக்கணக்கானோர் இனத்தின் பெயரால் ஊரைவிட்டு அகற்றப்பட்டார்கள். இந்த வண்டி அவர்களில் ஒரு குடும்பத்தினுடையது."

மூன்றிலும் பொய்யான வரி இல்லை. முதல் சீட்டு கண்ணீரை வரவழைக்கும், காரணத்தைச் சொல்லாது. இரண்டாவது காரணத்தைச் சொல்லும். ஆனால் அந்த மூன்று குழந்தைகள் எதற்குத் தண்டனை அனுபவித்தார்கள் என்ற கேள்வியை லேசாக மூடிவிடும். மூன்றாவது எல்லோருக்கும் ஏற்புடையதாகத் தோன்றும். ஆபத்து அதிகம் அதில்தான், ஏனென்றால் அங்கே செய்தவன் என்று யாருமே இல்லை. மழை பெய்தது மாதிரி இனநீக்கம் பெய்திருக்கிறது.

வகுப்பறை: வரைபடத்திலிருந்து கூட்டுப் புத்தகம் வரை

மேற்கு ஜெர்மனியில் 1950 வாக்கில் ஏறக்குறைய 80 லட்சம் பேர் இப்படி வந்தவர்கள், மக்கள்தொகையில் ஆறில் ஒருவர். தேர்தலில் கணிசமான ஓட்டு. அதனால் பள்ளியில் இது மௌனமாக இருந்தது என்று நினைத்தால் தவறு. 1956இல் மாநிலக் கல்வி அமைச்சர்களின் மாநாடு "கிழக்கை அறிதல்" என்ற பாடப் போக்கையே பரிந்துரைத்தது. சுவரில் தொங்கிய வரைபடத்தில் ஜெர்மனிக்கு 1937ஆம் ஆண்டு எல்லை. போலந்திடம் போன பகுதியில் "தற்போது போலந்து நிர்வாகத்தில்" என்ற வாசகம். "தற்போது" என்ற சொல்லில் இருந்த நம்பிக்கையைக் கவனியுங்கள். அந்தப் பாடத்தில் பழைய ஊரின் அழகும் இழப்பும் நிறைய இருந்தன. 1939 மிகக் குறைவு. வெளியேற்றப்பட்டோர் 1950 ஆகஸ்ட் 5இல் ஸ்டுட்கார்ட்டில் கையெழுத்திட்ட சாசனத்திலும் இதே சாயல்தான். பழிவாங்கலைக் கைவிடுகிறோம் என்று அறிவித்தது. யூதர்கள் பற்றியோ போலந்தில் ஜெர்மனி செய்தது பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

1970 டிசம்பரில் மேற்கு ஜெர்மன் சான்சலர் வில்லி பிராண்ட் வார்சாவில் யூதர் நினைவுச்சின்னத்தின் முன் மண்டியிட்டார். போலந்துடனான எல்லையையும் ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்டார். அதன் பின் காற்று திரும்பியது. 1972இல் யுனெஸ்கோ ஆதரவில் ஜெர்மன்–போலந்துப் பாடநூல் ஆணையம் அமைந்தது. 1976இல் 26 பரிந்துரைகளை வெளியிட்டது. அவற்றில் "விரட்டல்" என்ற சொல்லைத் தவிர்த்து, மக்கள்தொகை இடம்பெயர்ந்ததாக ஆறிய மொழியில் எழுதியிருந்தார்கள். போலந்து அப்போது கம்யூனிச நாடு. அந்தச் சொல்லுக்கு அங்கே கதவு திறக்காது. ஜெர்மனியில் பழமைவாதிகள் பொங்கி எழுந்தார்கள், இது துரோகம் என்றார்கள். ஒரு சொல்லை விட்டுக்கொடுத்து உரையாடலைக் காப்பாற்றினார்கள் என்பதே சரியான மதிப்பீடு என்று தோன்றுகிறது. ஏனென்றால் அந்த ஆணையம் சாகவில்லை. கம்யூனிசம் விழுந்த பிறகு அதே மேசையில் அந்தச் சொல்லையும் விவாதித்தார்கள். 2016 முதல் 2020 வரை நான்கு தொகுதிகளாக ஒரு கூட்டு வரலாற்றுப் பாடநூல் வந்தது. இரு நாட்டு மாணவர்களுக்கும் இரு மொழியில் ஒரே உள்ளடக்கம்.

போலந்துப் பள்ளியில் நிலைமை வேறு. அங்கே கம்யூனிசக் காலப் பாடம் "மீட்கப்பட்ட நிலங்கள்" என்று சொன்னது. ஆயிரம் ஆண்டுக்கு முன் போலந்தின் முதல் அரச வம்சமான பியாஸ்ட் மன்னர்கள் ஆண்ட மண் திரும்பக் கிடைத்தது என்ற வாதம். 1948இல் வ்ரோத்ஸ்வாஃப் நகரில், அதாவது மூன்று ஆண்டு முன்புவரை பிரெஸ்லாவ் ஆக இருந்த ஊரில், அந்தப் பெயரிலேயே ஒரு மாபெரும் கண்காட்சி நடத்தினார்கள். அதற்காக நட்ட உலோக ஊசிக்கோபுரம் இன்னும் நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கிழக்கில் ஊரை இழந்த போலந்துக்காரர் தன் இழப்பைப் பற்றிப் பொதுவில் பேச முடியாது, பிடுங்கியது சோவியத் யூனியன் அல்லவா. ஆக அந்த வகுப்பறையில் இரண்டு மௌனங்கள்: ஜெர்மானியர் போனது பற்றி ஒன்று, தான் வந்தது பற்றி இன்னொன்று. 1989க்குப் பிறகு இரண்டும் சேர்ந்தே உடைந்தன.

பெர்லின்: ஓர் அருங்காட்சியகத்துக்கு 21 ஆண்டு

வெளியேற்றப்பட்டோர் கூட்டமைப்பின் தலைவராக இருந்த எரிகா ஸ்டைன்பாக் 2000ஆம் ஆண்டில் பெர்லினில் இதற்கென ஒரு மையம் வேண்டும் என்று அறக்கட்டளை தொடங்கினார். போலந்து கொதித்தது. கோரிக்கையைவிடக் கேட்டவர் மேல்தான் கோபம். ஜெர்மனி–போலந்து எல்லையை உறுதிசெய்யும் ஒப்பந்தத்துக்கு 1991இல் நாடாளுமன்றத்தில் எதிர்த்து வாக்களித்தவர் அவர். பிறந்தது 1943இல் ருமியா என்ற ஊரில். அது போருக்கு முன் போலந்து ஊர். அவர் தந்தை அங்கே வந்தது ஆக்கிரமிப்புப் படை வீரராக. "எங்கள் ஊருக்குப் படையோடு வந்தவரின் மகள் எப்படித் துரத்தப்பட்டவர் ஆவார்?" என்பது போலந்துக்காரர்களின் கேள்வி. 2003இல் போலந்து வார இதழ் ஒன்று நாஜி சீருடையில் அவரை அட்டையில் போட்டது. அது நியாயமான விமர்சனம் அல்ல, ஆனால் சூடு எவ்வளவு என்று காட்டும்.

2005இல் கூட்டணி அரசு "கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளம்" வைப்போம் என்று மட்டும் ஒப்புக்கொண்டது. 2008இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு ஓர் அரசு அறக்கட்டளையை அமைத்தது. ஸ்டைன்பாக் யோசனையிலிருந்து இது விலகியது இங்கேதான். இரண்டாம் உலகப் போர், நாஜிகளின் விரிவாக்கக் கொள்கை, அழித்தொழிப்புக் கொள்கை, இவற்றின் விளைவுகள் என்ற பின்னணியில்தான் விரட்டலை நினைவுகூர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். நம் இரண்டாவது சீட்டுதான் இது, சட்டமாகவே வந்துவிட்டது.

அதற்குப் பிறகும் விட்டார்களா? குழுவில் ஸ்டைன்பாக் உட்காரலாமா என்று 2009, 2010இல் ஓர் இழுபறி. கடைசியில் அவர் விலகினார், பதிலுக்குக் கூட்டமைப்புக்கு இடங்கள் கூடின. யூதர்களின் மத்தியக் கவுன்சில் சிலகாலம் குழுவிலிருந்து ஒதுங்கியது. 2014 கடைசியில் இயக்குநர் பதவி இழந்தார். 2021 ஜூனில் ஒருவழியாகத் திறந்தார்கள்.

கட்டடத்தின் அமைப்பு அந்தச் சண்டையின் தீர்ப்பு மாதிரி. முதல் தளத்தில் கட்டாய இடப்பெயர்வு என்பது ஐரோப்பா முழுவதும் எப்படி நடந்தது என்று பொருள்வாரியாகக் காட்டுகிறார்கள். அதைத் தாண்டி மேலே ஏறினால்தான் ஜெர்மானியர் கதை. அதுவும் ஜெர்மனி தொடங்கிய போரிலிருந்து காலவரிசையாக வருகிறது. நேராகக் கைவண்டிக்கு முன் போய் நின்று அழ வழி வைக்கவில்லை. எதிரே, சற்றுத் தூரத்தில், ஆன்ஹால்ட் ரயில் நிலையத்தின் இடிந்த முகப்பு. பெர்லின் யூதர்களை தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பிய ரயில்கள் அங்கிருந்தும் கிளம்பின. விளக்கச் சீட்டு எழுதாமலே அந்தச் சுவர் ஒரு வேலை செய்கிறது.

ஜெர்மனி முழுக்க "ஊர் அறை" என்ற பெயரில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் காட்சி அறைகளும் இருந்தன. இழந்த ஊர்க்காரர்களே வைத்தவை: தேவாலயப் படம், விழா உடை, வீட்டுச் சாவி. பெரும்பாலும் முதல் சீட்டு வகை. நடத்தியவர்கள் முதுமையடைய, ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கிறார்கள். பொருள்கள் பெரிய அருங்காட்சியகங்களுக்குப் போகின்றன. போகும்போது சீட்டும் மாறுகிறது.

இறந்தவர்கள் எத்தனை பேர்?

பாடப்புத்தகத்தில் அதிகம் அடிபடும் வரி இது. நீண்ட காலம் மேற்கு ஜெர்மனியில் சொன்ன எண் 20 லட்சம். 1958இல் அரசுப் புள்ளியியல் துறை போட்ட கணக்கிலிருந்து வந்தது. போருக்கு முன் அந்தப் பகுதிகளில் இருந்த ஜெர்மானியர் எண்ணிக்கையில் போர்க்கள மரணங்களைக் கழித்து, பிறகு உயிரோடு கணக்கில் வந்தவர்களையும் கழித்தார்கள். மிச்சம் இருந்தது "என்ன ஆனார்கள் என்று தெரியாதவர்கள்". தெரியாதவர்கள் என்பது மெல்ல மெல்ல இறந்தவர்கள் என்று ஆகிவிட்டது. ஆவணம் வைத்து உறுதிசெய்யக்கூடிய மரணங்கள் 5 முதல் 6 லட்சம் வரை என்பது இன்று பல வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு.

செக் பகுதிக்கும் இதே கதை. முன்பு 2 லட்சத்துக்கு மேல் என்றார்கள். 1990களில் ஜெர்மன்–செக் வரலாற்றாசிரியர்கள் கூடி உட்கார்ந்து ஆராய்ந்தபோது 15,000 முதல் 30,000 என்ற முடிவுக்கு வந்தார்கள். எண் குறைந்ததில் ஒரு தரப்புக்கு வருத்தம் என்பது விசித்திரமாகத் தெரியலாம். ஆனால் நினைவு அரசியலில் அப்படித்தான் நடக்கிறது.

பாலம், கல்லறை, சாலை

தலைநகர அருங்காட்சியகங்களைவிடச் சின்ன நகரங்கள் கற்றுத்தரும் விதம் இன்னும் கூர்மை. மூன்றைச் சொல்லலாம்.

ஊஸ்தி நாட் லாபெம், செக் நாட்டின் வடக்கே. 1945 ஜூலை 31 அன்று ஆயுதக் கிடங்கு வெடித்தது. ஜெர்மானியர் செய்த நாசவேலை என்று வதந்தி. வெள்ளைப் பட்டை கட்டியவர்களை அடித்தார்கள், எல்பே ஆற்றுப் பாலத்திலிருந்து தூக்கி எறிந்தார்கள். இறந்தவர்கள் 40க்கும் 100க்கும் இடையில் என்று மதிப்பிடுகிறார்கள். 1946இல் வந்த ஒரு சட்டம், அந்தக் காலத்து "நியாயமான பழிவாங்கல்" குற்றமாகாது என்று சொல்லி விசாரணைக் கதவையே சாத்தியது. 2005இல் பாலத்தில் ஒரு பலகை வைத்தார்கள்: 1945 ஜூலை 31 வன்முறைக்குப் பலியானவர்களின் நினைவாக. யார் பலியானார்கள், யார் செய்தார்கள் என்று ஒரு சொல் இல்லை. பலகை செக், ஜெர்மன் இரண்டு மொழியிலும் இருக்கிறது. விவரம் அறிந்தவர் அதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். அதே நகரில் 2021இல் "நம் ஜெர்மானியர்கள்" என்ற நிரந்தரக் கண்காட்சி திறந்தது, செக் மண்ணில் அவர்கள் வாழ்ந்த நூற்றாண்டுகளைச் சொல்லும் கண்காட்சி. பலகையில் விட்டுப்போன பெயர், "நம்" என்ற சொல்லோடு அருங்காட்சியக வாசலில் வந்து நிற்கிறது.

வ்ரோத்ஸ்வாஃப். போருக்குப் பின் ஜெர்மன் எழுத்து எங்கே இருந்தாலும் அழித்தார்கள். கடைப் பலகை, தெருப் பெயர், கல்லறைக் கல் எதுவும் தப்பவில்லை. பழைய இடுகாடுகள் பூங்காக்கள் ஆயின. 2008இல் ஒரு பூங்காவில், மிஞ்சிய கல்லறைக் கற்களைச் சுவரில் பதித்து ஒரு நினைவிடம் கட்டினார்கள், இன்று இல்லாத இடுகாடுகளில் புதைக்கப்பட்டவர்களுக்காக. இந்த நகரத்துக்கு அது பொருந்துகிறது. 1965இல் போலந்து ஆயர்கள் ஜெர்மன் ஆயர்களுக்கு "மன்னிக்கிறோம், மன்னிப்பும் கேட்கிறோம்" என்று எழுதிய கடிதத்தை வரைந்தவர் இங்கிருந்த பேராயர் போலெஸ்வாஃப் கோமினெக். மன்னிப்புக் கேட்டதற்காகக் கம்யூனிச அரசு அப்போது அவர்களைப் பிடிபிடியென்று பிடித்தது.

பிர்னோ, செக் நாட்டின் தென்கிழக்கே. 1945 மே 30 இரவு தொடங்கி, 20,000க்கும் மேற்பட்ட ஜெர்மன் மொழியினரை, பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள், ஆஸ்திரிய எல்லையை நோக்கி நடக்கவைத்தார்கள். வழியில் பொஹோர்ஜெலிட்செ என்ற ஊரில் நோயிலும் பசியிலும் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். 2015இல் நகர்மன்றம் இதற்கு வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டது. அதற்குச் சில ஆண்டு முன்பே ஒரு மாணவர் ஆண்டுதோறும் நினைவு நடை ஒன்றைத் தொடங்கியிருந்தார். சுமார் 30 கிலோமீட்டர், அதே சாலை. ஆனால் நடை கிளம்புவது பொஹோர்ஜெலிட்செயில், கல்லறை இருக்கும் இடத்தில். காலையில் அங்கே கூடி, மாலையில் பிர்னோவுக்குள் வந்து சேர்கிறார்கள்.